டீச்சரம்மா பதில்கள்

(மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் 31 வருடம் மழலையர் வகுப்பு எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் அதே வகுப்புக்குப் போய் வருகிறார். வாசகர் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.)

என் மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். தினமும் சாயங்காலம் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "விளையாண்டோம்" என்கிறாள், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் நோட்டில் நாலு பக்கம் நிரம்பவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அதே வயதுதான். வேறு பள்ளி. ஒன்றிலிருந்து நூறு வரை எழுதுகிறாள். ஒரு வாரம் முழுக்க இவள் வகுப்பில் அப்படி என்னதான் நடக்கிறது?
– ஒரு அம்மா, திருமங்கலம்

கோபித்துக்கொள்ளாதீர்கள் தாயி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாத்தா வகுப்பு வாசலில் நின்று இதையே கேட்டார். "விளையாட எங்க வீட்டுத் திண்ணை இருக்கே, இங்க எதுக்கு அனுப்பணும்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். மத்தியானம் வரை பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் பேரன் கையில் ஒரு மஞ்சப்பை நிறையப் புளியங்கொட்டை கொடுத்துவிட்டிருந்தார்.

உங்கள் பள்ளியைப் பற்றி எனக்குத் தெரியாது. என் வகுப்பில் நடந்த ஒரு வாரத்தைச் சொல்கிறேன். ஆவணி மாதம், 22 பிள்ளைகள், எல்லோருக்கும் நாலு, நாலரை வயது. அந்த வாரத்துக்குப் பெயர் பூ வாரம்.

திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு பூ கொண்டுவரச் சொல்லியிருந்தேன். செம்பருத்தி, செண்டுப்பூ, சங்குப்பூ, சம்பங்கி என்று ஒரு தட்டு நிரம்பியது. ஒருவன் அரளி கொண்டுவந்தான். அது விஷம், பிள்ளைகள் வாயில் வைத்துவிடும். அதை எடுத்துப் போட்டு, எல்லோரையும் கைகழுவ வைத்து, அவனுக்கு வேறு பூ கொடுப்பதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. (பூ வாரம் நடத்தும் டீச்சர்கள் இதை முந்தின சனிக்கிழமையே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன்.) அப்புறம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மல்லிகை மொட்டுகளைப் போட்டேன். "இது எப்ப விரியும்?" என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வெயில் பட்டால், தண்ணி குடிச்சால், டீச்சர் தொட்டால்.

இரண்டு மாதமாக வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை இருந்தாள். அவள் அம்மா விடிவதற்கு முன்னால் டார்ச் லைட்டோடு பூவெடுக்கப் போகிறவர். எங்கள் பக்கம், செக்கானூரணி உசிலம்பட்டி வரைக்கும், மல்லிகைத் தோட்டம் அதிகம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி இந்த மண்ணில் விளைவதுதான். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, "இப்ப தொறக்காது. சாயந்தரமாத்தான் தொறக்கும். அதுக்குத்தான் எங்கம்மா காலையிலயே பறிச்சிரும்" என்றாள். பள்ளி மூன்றரைக்கு முடிந்துவிட்டது, மொட்டு மொட்டாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தால் அறை முழுக்க வாசம், கிண்ணம் முழுக்க வெள்ளை. அன்றிலிருந்து அவள் பேசுவதை நிறுத்தவே இல்லை. பிறகு பேசாமல் இருக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

செவ்வாய்க்கிழமை பூக்களைப் பிரித்து வைக்கச் சொன்னேன். எப்படிப் பிரிக்கணும் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு கூட்டம் நிறம் பார்த்துப் பிரித்தது, ஒரு கூட்டம் மோந்து பார்த்துப் பிரித்தது. ஒரு வாண்டு "சாமிக்கு வைக்கிறது, தலைக்கு வைக்கிறது" என்று இரண்டு குவியல் போட்டான். செம்பருத்தி எதில் சேரும் என்று பெரிய பஞ்சாயத்து. சாமிக்கும் போடலாம், எண்ணெயில் காய்ச்சித் தலைக்கும் தேய்க்கலாம். கடைசியில் நடுவில் மூன்றாவது குவியல் ஒன்று போட்டார்கள். பிற்பாடு இவர்கள் கணக்கில் கணம், வெட்டு என்று படிப்பார்களே, அது இதுதான்.

அன்றைக்கே புளியங்கொட்டையை எடுத்தேன். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, இரண்டு வரிசை. இரண்டும் சமம் என்று எண்ணிச் சொன்னார்கள். பிறகு ஒரு வரிசையை மட்டும் தள்ளித் தள்ளி வைத்து நீளமாக்கினேன். "இப்ப எதுல நிறைய?" கிட்டத்தட்ட எல்லோருமே நீள வரிசையைக் காட்டினார்கள்! சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியாஜே என்பவர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்து எழுதிவைத்திருக்கிறார். இந்த வயதில் கண்ணுக்கு நீளமாகத் தெரிவதுதான் பிள்ளைகளுக்கு அதிகம். எண்ணிக்கை இடம் மாறினாலும் மாறாது என்பது மனதில் ஏற நாளாகும். கொட்டையைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்துத்தான் ஏறும். எதிர்வீட்டுப் பெண் நூறு வரை எழுதுவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒருநாள் அவளிடம், "கண்ணு, அடுப்படியில இருந்து ஏழு கரண்டி எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். சரியாக ஏழு வந்தால் அவளுக்கு எண் தெரியும். வாரி அள்ளிக்கொண்டு வந்தால் அவள் நோட்டில் எழுதியது பாட்டு.

புதன்கிழமை முழம். பூக்காரம்மா மாதிரி முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து, வகுப்பில் விரித்திருந்த பாயை அளந்தோம். எனக்கு நாலு முழம். ஒரு பையனுக்கு ஆறரை. இன்னொருத்திக்கு ஐந்து, பார்த்தால் ஒரு முழத்துக்கும் அடுத்த முழத்துக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருக்கிறாள். ஒரே பாய் எப்படி மூன்று கணக்கு காட்டும்? அவர்களாகவே கையோடு கை சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். "டீச்சர் கை பெருசு, அதான் கொஞ்சமா வருது" என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், சாயங்காலமே மறந்தும் போயிருக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போய், "பெரிய கை இருக்கிற அக்காகிட்ட பூ வாங்கும்மா" என்று ஒருத்தி சொன்னதாக அவள் அம்மா மறுநாள் வந்து சொன்னார்.

வியாழக்கிழமை கைதட்டல். பூ – ஒரு தட்டு. மல்-லி – இரண்டு. தா-ம-ரை – மூன்று. க-ன-காம்-ப-ரம் – ஐந்து! தாமரைதான் பெரிய பூ, அதனால் அதற்குத்தான் நிறையத் தட்டு வரும் என்று அதுவரை அடம் பிடித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பொருளின் அளவும் பெயரின் அளவும் வேறு வேறு என்பது இந்த வயதில் பெரிய கண்டுபிடிப்பு. சொல்லைக் காதால் இப்படி உடைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னால் எழுத்துக் கூட்டுவது சுலபம்.

அதன் பிறகுதான் எழுத்து, அதுவும் மணல் தட்டில் விரலால். முதலில் ட, அப்புறம் ப. எல்லாம் நேர்கோடு. அகர வரிசையில் முதலில் நிற்கிற "அ" எழுதுவதற்கு எவ்வளவு சிரமம் என்று நாம் யோசிப்பதே இல்லை. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெட்டுக்கோடு எல்லாம் அந்த ஒரு எழுத்திலேயே இருக்கிறது. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. நாலு வயதில் அதில் பாதிதான் எலும்பாகியிருக்கும், மீதி இன்னும் குருத்தெலும்பு. நான் சேர்ந்த வருடம் இதெல்லாம் எனக்குப் புத்தியில் ஏறவில்லை. ஒரு பையனை ஒரு பக்கம் முழுக்க "அ" எழுத வைத்தேன். முடித்துவிட்டு அவன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழக்கூட இல்லை. அந்த நோட்டில் நான் "நன்று" என்று வேறு போட்டிருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இப்போதெல்லாம் கையைப் பழக்க வேறு வேலைகள். நூல் முனையை மெழுகில் தோய்த்து விறைப்பாக்கிக் கொடுத்தால் சம்பங்கியைக் கோத்துவிடுவார்கள். தரையில் சாக்பீஸால் மூன்று புள்ளிக் கோலம். விளாச்சேரியில் கொலுபொம்மை செய்கிற ஒருவர் கொடுக்கிற களிமண்ணைப் பிசைந்து உருட்டுவது. பென்சில் பிடிக்கிற விரலுக்கு இதெல்லாம்தான் தண்டால் பஸ்கி.

வெள்ளிக்கிழமை பூக்கடை. காகித ரூபாய் வெட்டிக் கொடுத்தேன். கடைக்காரராக உட்கார்ந்தவன் பத்து ரூபாய் என்று நான் எழுதி வைத்த அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "முழம் முப்பது. இன்னைக்கு முகூர்த்தம்" என்றான். பேரம் பேசினார்கள், கடன் சொன்னார்கள், ஒருத்தி கொசுறு கேட்டாள். கடைசி அரைமணி நேரம் நோட்டை எடுத்து ஆளுக்கு ஒரு பூ வரைந்து, முடிந்தவர்கள் கீழே "பூ" என்று எழுதினார்கள். அந்த வாரத்துக்கு நோட்டில் ஒரே பக்கம்தான்.

"என்ன படிச்ச?" என்று கேட்டால் உங்கள் மகள் என்ன சொல்லுவாள், பாவம்? "இன்னைக்குக் கையில என்ன ஒட்டுச்சு? யாரு சண்டை போட்டா? எதை எண்ணுனீங்க?" என்று கேளுங்கள். ஒரு வாரம் கேட்டும் ஒன்றுமே வரவில்லை என்றால் பள்ளிக்குப் போய் அரை நாள் உட்கார அனுமதி கேளுங்கள். உட்கார விடாத பள்ளி என்றால் அப்போது கவலைப்படலாம்.

நாலு வயதுப் பேரன் இடது கையால் எழுதுகிறான், சாப்பிடுகிறான். அவன் அப்பத்தா கையைக் கட்டிப்போடச் சொல்கிறார். "பீச்சாங்கையால எழுதுனா படிப்பு ஏறாது" என்கிறார்.
– ஒரு தாத்தா, வாடிப்பட்டி

கட்டாதீர்கள் ஐயா. எந்தக் கை என்று முடிவு செய்வது மூளை, அப்பத்தாவைக் கேட்டு அது முடிவு செய்யாது. என் வகுப்பில் அநேகமாக எல்லா வருடமும் ஒன்றிரண்டு இடதுகைக்காரர்கள் இருந்தார்கள். படிப்பில் மற்றவர்கள் மாதிரிதான். சாப்பாடு மட்டும் வலது கையால் என்று வீட்டில் பழக்க நினைத்தால் திட்டாமல் பழக்குங்கள், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் பிள்ளை கூனிக்குறுகாமல் இருக்கும். எழுதும் கையில் கை வைக்க வேண்டாம். கத்தரிக்கோல் வாங்கும்போது இடதுகைக்காரர்களுக்கு என்று தனியாக வருவதை வாங்குங்கள். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது. எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது மாதிரி எழுதுகிறான் என்று அடுத்து எழுதுவீர்கள். அது வலதுகைப் பிள்ளைகளும் செய்வதுதான். ஆறு, ஏழு வயதில் தானாகச் சரியாகும்.

வீட்டில் எண்ணிப் பழக என்னென்ன கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, மேலூர்

புளியங்கொட்டை, பெரிய பொத்தான், பாட்டில் மூடி, கூழாங்கல். பல்லாங்குழி இருந்தால் பரண் மேலிருந்து இறக்குங்கள், அதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடையாது. ஆனால் குழிகளில் குண்டுமணி போடாதீர்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், மென்றுவிட்டால் கொடிய விஷம். கொண்டைக்கடலையும் வேண்டாம். என் கண் முன்னாலேயே ஒரு பிள்ளை மூக்கில் போட்டுக்கொண்டாள். ஈரம் பட்டு அது உள்ளேயே ஊறிப் பெருத்துவிட்டது. டாக்டர் எடுத்துப் போடும் வரை எனக்கு உயிர் இல்லை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் புளியங்கொட்டையும் கூடாது. எதுவாக இருந்தாலும் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை நான். 28 பிள்ளைகள். சிலர் வாசிக்கிறார்கள், சிலருக்குப் பென்சிலே பிடிக்கத் தெரியவில்லை. எந்த மட்டத்தில் ஆரம்பிப்பது?
– ஓர் ஆசிரியை, உசிலம்பட்டி பக்கம்

எல்லா மட்டத்திலும்தான், வேறு வழி இல்லையம்மா. 2022-இல் அரசுப் பள்ளிகளுக்கு "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது. யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு பயம், "அவன் அரும்பு" என்று பிள்ளைகளே ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட ஆரம்பித்துவிடக் கூடாது. என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரே பொருள், மூன்று வேலை. ஒரு கூடை பூவை நடுவில் வையுங்கள். ஒரு கூட்டம் எண்ணட்டும், ஒரு கூட்டம் பெயர் எழுதட்டும், ஒரு கூட்டம் விலை போட்டுக் கூட்டட்டும். மத்தியானம் ஆட்களை மாற்றுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளையோடு உட்கார வையுங்கள், ஆனால் "நீ சொல்லிக்கொடு" என்று உத்தரவு போடாதீர்கள். போட்டீர்களானால் அது குட்டி டீச்சராகிக் குச்சியைத் தேடும். முதல் மாதம் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடித் தொண்டை போய்விடும். சுடுதண்ணீர் பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் மாண்டிசோரி என்று போர்டு போட்டு ஒரு பள்ளி திறந்திருக்கிறார்கள். கட்டணம் மலைக்க வைக்கிறது. அதில் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு அப்பா, மதுரை

மரியா மாண்டிசோரி இத்தாலி டாக்டரம்மா. 1907-இல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காகத்தான் முதல் வகுப்பைத் திறந்தார். கட்டணம் மலைக்க வைப்பதை அந்த அம்மா பார்த்தால் என்ன சொல்வாரோ. 1939-இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். உலகப்போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் ஊர் திரும்ப முடியவில்லை. நடுவில் சில வருடம் இருந்தது நம் கொடைக்கானலில். அங்கே காட்டையும் செடிகொடியையும் பூச்சிகளையும் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்.

அவருடைய வழி என்னவென்றால், பொருளைக் கையில் கொடு, எப்படிச் செய்வது என்று ஒருமுறை அமைதியாகச் செய்து காட்டு, பிறகு ஒதுங்கி நில். மரவேலைக்காரர் தேய்க்கிற உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, விரலால் தடவ வைப்பது அவர் கொண்டுவந்ததுதான். உப்புத்தாள் இரும்புக்கடையில் சல்லிசாகக் கிடைக்கும், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். போர்டில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தடை எதுவும் இல்லை. அதனால் போர்டை விடுங்கள். டீச்சர் முறையாகப் பயிற்சி எடுத்தவரா என்று கேளுங்கள். அலமாரியில் இருக்கும் சாமான் பிள்ளைகளுக்கு எட்டுகிறதா, தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தால் அது பெற்றோருக்குக் காட்ட வைத்தது.

மூன்றரை வயது மகனுக்கு "ழ" வரவில்லை. "வாளப்பளம்" என்கிறான்.
– ஒரு அம்மா, பரவை

மதுரையில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம், அவனை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? ர, ழ எல்லாம் கடைசியில் வருகிற ஒலிகள். நீங்கள் திருத்த வேண்டாம். திரும்பச் சொல்லும்போது சரியாகச் சொல்லுங்கள், போதும். ஆனால் மூன்று வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் முதலில் காதைச் சோதித்துவிடுங்கள்.

ஆட்டோ ஓட்டுகிறேன். ராத்திரி வரும்போது மகள் தூங்கியிருப்பாள். காலையில் பள்ளியில் இறக்கிவிடும் பத்து நிமிடம்தான் எனக்குக் கிடைக்கிறது. படித்தது எட்டாவது. நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?
– ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஆரப்பாளையம்

தம்பி, அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை எண் உங்களைக் கடந்து போகிறது தெரியுமா? முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மதுரையில் 58, 59, 64 மூன்றும்தான் அதிகம் வரும். "இன்னைக்கு எத்தனை 59 பார்த்த?" என்று கேளுங்கள். பஸ் நெற்றியில் இருக்கிற எண்ணை நீங்கள் வாசிக்காமல் அவளை வாசிக்க விடுங்கள். சிக்னலில் நிற்கும்போது, "நம்ம முன்னாடி எத்தனை சக்கரம் இருக்கு?" ஆட்டோவுக்கு மூன்று, பைக்குக்கு இரண்டு, லாரி வந்து நின்றால் அவள் பாடு திண்டாட்டம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது அவளையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே எழுதியிருக்கிறேனே முழக் கணக்கு, அதைக் காட்டுங்கள். ஆட்டோ உங்கள் கைக்கு எத்தனை முழம், அவள் கைக்கு எத்தனை முழம் என்று அளந்து எனக்கு எழுதச் சொல்லுங்கள்.